கடை 12 மணி நேரம் திறந்திருக்கலாம், ஆள் 12 மணி நேரம் நிற்கக் கூடாது

காலை 9.30-க்கு ஷட்டர் ஏறி இரவு 9.30-க்கு இறங்கும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் 9 மணிக்கே வந்து தூசி தட்டி, பொம்மைக்குச் சேலை கட்டி முடிக்க வேண்டும். இரவில் பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்கி, ஸ்டாக் சரிபார்த்து, பை சோதனை முடிந்து வெளியே வர 10 மணி ஆகிவிடும். மொத்தம் 13 மணி நேரம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆர்டரைப் பார்த்தால், 'வேலை நேரம்: கடை நேரப்படி' என்று இருக்கும்.

அந்த இரண்டு வார்த்தைதான் சிக்கல். கடை நேரம் வேறு, ஆளின் வேலை நேரம் வேறு. தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டுப்படுத்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. மளிகைக்கடை, ஷோரூம், ஓட்டல், அலுவலகம் என்று தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வராத பெரும்பாலான இடங்களை இந்தச் சட்டம்தான் ஆள்கிறது.

தொழிலாளர் விவகாரம் அரசியல் சாசனத்தில் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் மட்டும் அந்த மாநிலத்தில் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஒரே நிறுவனத்தின் சென்னைக் கிளைக்கும் பெங்களூரு கிளைக்கும் விடுப்பு, வேலை நேர விதிகள் ஒன்றாக இருப்பதில்லை. தலைமை அலுவலகம் மும்பையில் தயாரித்த எச்.ஆர். கையேட்டை அப்படியே கோயம்புத்தூரில் அமல்படுத்தி மாட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு.

முதலில் அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள். அடியில் சட்டம். அதன்மேல் நிறுவனத்தின் பாலிசி. அதற்கும் மேல் தனி ஆளுக்குக் கொடுக்கும் நியமனக் கடிதம். மேலே இருப்பது கீழே இருப்பதைவிடத் தாராளமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. சட்டம் 12 நாள் விடுப்பு தரச் சொன்னால் நீங்கள் 15 நாள் தரலாம். 10 நாள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலும் 12 நாள்தான். 'நீதானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாய்' என்ற வாதம் இங்கே எடுபடாது.

இப்போது அந்த 13 மணி நேரத்துக்கு வருவோம். கடைச் சட்டத்தின் கணக்கு இது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும். மிகைநேர வேலை, அதாவது ஓ.டி., சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்தையும் வாரத்தில் 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. வேலை, ஓய்வு எல்லாம் சேர்த்துக் காலையில் வந்ததிலிருந்து இரவு கிளம்பும் வரை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

நம் ஜவுளிக்கடையில் காலை 9 முதல் இரவு 10 வரை. மதியம் ஒரு மணி நேரம் போனால் வேலை 12 மணி நேரம். நாள் வரம்பான 10-ஐத் தாண்டிவிட்டது. வந்துபோகும் நேரமான 13-ம் வரம்பைத் தாண்டிவிட்டது. 'கூட்டமில்லாதபோது சும்மாதானே நிற்கிறார்கள்' என்று முதலாளி சொல்வார். வாடிக்கையாளர் வருவாரா என்று கவுன்ட்டரில் காத்திருப்பதும் வேலைதான். வெளியே போய்வரச் சுதந்திரம் இருந்தால் மட்டுமே அதை ஓய்வு என்று சொல்ல முடியும்.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகளில் நாள் ஊதியத்துக்கு மாதத்தை 26-ஆல் வகுப்பதுதான் வழக்கம். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம், ஆக மணிக்கு 150. தினம் 4 மணி நேரம் கூடுதல், 26 நாள், மொத்தம் 104 மணி நேரம். 104-ஐ 150-ஆல் பெருக்கினால் 15,600 ரூபாய்.

ஆமாம், இன்னொரு முழுச் சம்பளம். 8 மணி நேரத்தில் பாதி 4 மணி நேரம், அதற்கு இரட்டிப்பு விகிதம், அதனால் எந்தச் சம்பளத்தைப் போட்டாலும் விடை அந்தச் சம்பளத்துக்குச் சமமாகத்தான் வரும். தினமும் 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு மாதச் சம்பளம் மட்டும் கொடுக்கும் கடை, ஒவ்வொரு மாதமும் ஓர் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கடன் வைத்துக்கொண்டே போகிறது. தகராறு வந்து நிலுவையைக் கேட்கும்போதுதான் முதலாளிக்கு இந்தத் தொகை கண்ணில் படும். ஓ.டி. பணம் கொடுத்துவிட்டால் 12 மணி நேரம் சட்டப்படி ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள். பணம் தனி, 10 மணி நேர வரம்பு தனி.

கடையை 12 மணி நேரம் நடத்த வேண்டுமென்றால் ஆட்களை இரண்டு ஷிப்டாகப் பிரிப்பதே வழி. ஒரு பிரிவு 9 முதல் 6 வரை, இன்னொரு பிரிவு 1 முதல் 10 வரை. இருவருக்கும் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. சனி, ஞாயிறு, இன்னொரு கூட்ட நாள் என்று வாரத்தில் மூன்று நாள் காலைப் பிரிவை இரவு 8 வரை வைத்துக்கொண்டால் நாளுக்கு 2 மணி நேர ஓ.டி. ஆகிறது. வாரத்துக்கு 6 மணி நேரம். 48-ம் 6-ம் 54. சட்டம் விட்டிருக்கும் இடம் அவ்வளவுதான். தீபாவளி நேரத்தில் வாரம் முழுக்க இழுத்துப் பிடிக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த 54-ல்தான் தடுக்கி விழுகிறார்கள். பண்டிகைக்குத் தற்காலிக ஆள் எடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019-ல் அரசாணை வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டு வருகிறது. இதையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அனுமதி கடைக்குத்தான், ஆளுக்கு இல்லை. அந்த அரசாணையே ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை வேண்டும், சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும், ஓய்வறையும் கழிவறையும் பொருள் வைக்கப் பூட்டுப் பெட்டியும் வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. எழுத்து மூலம் அவர்கள் சம்மதித்தால், பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டு வேலை தரலாம். ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்கு வாகன வசதி வேண்டும், அந்த அறிவிப்பு கடை வாசலில் தெரிய வேண்டும். விடுமுறை நாளிலோ நேரம் முடிந்த பிறகோ ஓ.டி. பதிவு இல்லாமல் ஆள் நின்றால் நடவடிக்கை முதலாளி மீதோ மேலாளர் மீதோ பாயும்.

நிற்பது என்றதும் இன்னொன்று. 2021-ல் இந்தச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதியாக எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. ஸ்டூல் வாங்கிப் போட்டால் கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் அதிகம். ஸ்டூல் கோடவுனில் இருந்து, 'தளத்தில் உட்காரக் கூடாது' என்று தளப் பொறுப்பாளர் வாய்மொழியாக உத்தரவு போட்டிருந்தால் பிரிவு மீறப்பட்டதாகத்தான் அர்த்தம். கவுன்ட்டருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருக்கை இருக்க வேண்டும். உட்கார்ந்ததற்காக மெமோ கொடுக்கும் உள்விதி இருந்தால் அதை அடித்துவிட வேண்டும்.

விடுமுறை, விடுப்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு, அதற்காகச் சம்பளம் பிடிக்க முடியாது. 1958-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்து ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பள விடுமுறை.

விடுப்பு இதற்கு வெளியே. கடைச் சட்டம் மூன்று பன்னிரண்டுகளைத் தருகிறது: 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. ஈட்டிய விடுப்புக்கு மட்டும்தான் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். நோய் விடுப்பும் தற்செயல் விடுப்பும் முதல் ஆண்டிலேயே உண்டு. 'முதல் வருஷம் லீவே கிடையாது' என்று கையேட்டில் எழுதியிருப்பது இந்த இரண்டுக்கும் செல்லாது. காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடித்துக்கொண்டு, அதைப் புதிதாகச் சேர்ந்தவருக்கான பாலிசி என்று சொல்வதுதான் நடைமுறையில் அதிகம் காணும் தவறு.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக. கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படையோடு அகவிலைப்படியும் உண்டு, அது ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ல் மாறும். 'சாப்பாடும் தங்க இடமும் தருகிறோமே' என்று சொல்லி, அரசு அனுமதி இல்லாமல் அதைச் சம்பளக் கணக்கில் கழிக்க முடியாது. ஸ்டாக் குறைந்தால் அந்தத் தளத்தில் நிற்கும் எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. குறிப்பிட்ட ஆளின் அலட்சியத்தால்தான் இழப்பு வந்தது என்று தெரிய வேண்டும், பிடிப்பதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். இரண்டும் இல்லாத பிடித்தம் செல்லாது.

இனி வேலையை விட்டு நிறுத்துவது. கடைச் சட்டத்தில் 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். திருட்டு, அடிதடி போன்ற ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் அதற்கென்று விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் குற்றச்சாட்டு உறுதியாகியிருக்க வேண்டும்.

இங்கே 'ப்ரொபேஷன்' என்ற சொல்லைப் பெரிய கேடயமாக நினைக்கிறார்கள். சட்டம் ப்ரொபேஷனைப் பார்ப்பதில்லை, ஆறு மாதத்தைத்தான் பார்க்கிறது. கடிதம் மேல் கடிதமாகத் தகுதிகாண் காலத்தை ஒரு வருடத்துக்கு நீட்டினாலும் ஏழாவது மாதத்திலிருந்து 41-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துவிடும். 'மேனேஜர்' என்று பெயர் வைப்பதும் அப்படித்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் ஆள் எடுக்கவோ, லீவு கொடுக்கவோ, செலவுக்கு ஒப்புதல் தரவோ அதிகாரம் இல்லாமல் பில் போட்டுக்கொண்டிருப்பவரை 'ஃப்ளோர் மேனேஜர்' என்று அழைத்தால் அவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார்.

உள்விசாரணை நடக்க வேண்டிய வரிசை இது. முதலில் குற்றச்சாட்டு மெமோ. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். 'பல முறை ஒழுங்கீனமாக நடந்தீர்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அங்கேயே பாதி வழக்கு போய்விடும். பிறகு விளக்கம் எழுதித் தர அவகாசம். விளக்கம் திருப்தி இல்லையென்றால் விசாரணை அதிகாரி நியமனம். குற்றம் சாட்டிய மேலாளரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. கடை தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தன் சாட்சியைக் கொண்டுவரவும், சிசிடிவி பதிவை ஆதாரமாகக் காட்டினால் அதைப் பார்க்கவும் ஊழியருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அறிக்கையின் நகலைக் கொடுத்து, தண்டனைக்கு முன் ஒருமுறை விளக்கம் கேட்ட பிறகே உத்தரவு.

விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கத்தில், அதாவது சஸ்பென்ஷனில், வைத்தால் பிழைப்பூதியம் தர வேண்டும். 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடிப்பது முதலாளிக்குத்தான் நஷ்டம் என்ற கணக்கு அதிலேயே இருக்கிறது. விசாரணைக்கு வராமல் ஊழியரே இழுத்தடித்தால் இந்த ஏற்றத்தை அவர் எதிர்பார்க்க முடியாது.

இந்த வரிசை தெரியாததால், அல்லது பொறுமை இல்லாததால், பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று ஒரு வாய்மொழி. அல்லது வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி அதில் ராஜினாமாவை அடித்துக்கொள்வது. ஊழியர் மறுநாளே பதிவுத் தபாலில் 'வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை' என்று எழுதிவிட்டால் ராஜினாமாக் கதை ஆட்டம் காணும். மாறாக, ஊழியர் கோபத்தில் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டால், 'தானாகவே வரவில்லை' என்ற முதலாளியின் வாதம் வலுக்கும். அந்த ஒரு தபால் இரண்டு பக்கமும் வழக்கைத் திருப்பும்.

தாற்காலிக ஆள் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு என்று தனியாக ஒரு சட்டம் உண்டு, வெளிமாநில நிறுவனங்கள் அடிக்கடி கவனிக்காமல் விடுவது. 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 50 பேருக்குக் குறையாமல் தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில், 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர் பணி முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும். 480 வந்துவிடுமே என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிடும் தந்திரத்தைச் சட்டம் எழுதியவர்கள் முன்னாலேயே யோசித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மிகாமல் வெளியே நிறுத்தி, அந்த இடத்தில் மாற்று ஆளைப் போட்டு வேலை வாங்கியிருந்தால், அந்த இடைவெளி தொடர் பணியை முறிக்காது. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து இவையும் முறிக்காது.

மாநிலச் சட்டம் எவ்வளவு வேகமாக அரசியலாகும் என்பதற்கு 2023 நல்ல சான்று. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. வாரம் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை. மே தினத்தன்று மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாள். புதிய மசோதா வரும் என்று நம்பி ஷிப்டு அட்டவணையை முன்கூட்டியே மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து தெரியும்.

மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சம்பளத்தின் வரையறை, பணிக்கொடை, பாதுகாப்பு ஏற்பாடுகள் போன்றவற்றை அங்கே பார்க்க வேண்டும். கடைகள் சட்டம் அந்த 29-ல் ஒன்றல்ல. அது மாநிலச் சட்டமாகவே நீடிக்கிறது. 'புதுச் சட்டம் வந்துவிட்டது, பழைய கடைச் சட்டம் போய்விட்டது' என்று சொல்லும் ஆலோசகரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

முதலாளி இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பயோமெட்ரிக் பதிவு மூன்றையும் ஒரே மாதத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதிவேட்டில் எல்லோரும் 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போயிருப்பார்கள். பயோமெட்ரிக்கில் 10.05, 10.12 என்று இருக்கும். உங்களுக்கு எதிரான முதல் சாட்சி உங்கள் இயந்திரம்தான். பதிவேட்டைத் திருத்துவது தீர்வல்ல, ஷிப்டைத் திருத்துங்கள். பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்தால் நிறுவனத்தைத் தொழிலாளர் துறையின் தளத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

தொழிலாளி பக்கம், ஒரு சின்ன நோட்டுப் போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம். ஷிப்டு மாற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அழிக்காதீர்கள். சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் அறிக்கையைச் சேர்த்து வையுங்கள், நியமனக் கடிதமே தராத இடத்தில் வேலை செய்ததற்கு அதுதான் சான்று. வேலை நேரம், விடுமுறை, இருக்கை பற்றிய புகாரென்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் வழி வேறு. கணக்கு முடித்துத் தர வேண்டிய சம்பளம் இரண்டு வேலைநாளுக்குள் கைக்கு வர வேண்டும். நிறுத்தியதை எதிர்த்து 41-ஆம் பிரிவின்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள். உத்தரவு வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த 30 நாள் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உறை மேல் இருக்கும் தபால் முத்திரைதான் ஆதாரம்.